டீத்தூளுக்குள் இருந்த நிலவாகை

போன மாதம் ஒரு பெண் கைப்பையிலிருந்து ஒரு டீ பாக்கெட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். உடம்பு மெலிய ஐந்து மாதமாகக் குடிக்கிறாராம். குடித்த மறுநாள் எடை குறையும், இரண்டே நாளில் பழையபடி ஏறிவிடும். இப்போது அது இல்லாமல் மலமே கழிவதில்லை என்றார். உறையில் 'மூலிகைகள்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

மூலிகைச் சரக்குகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு சிட்டிகைத் தூளைக் குளோரல் ஹைட்ரேட் என்ற ரசாயனக் கரைசலில் சூடாக்கித் தெளியவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தடித்த சுவரும் மேலெல்லாம் மருக்களும் கொண்ட ஒற்றைச் செல் முடிகள். இலைத்துளைக்கு இருபுறமும் இணையாகப் படுத்த துணைச் செல்கள். நரம்பு நார்களை ஒட்டி வரிசையாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். இலையின் இரண்டு பக்கமும் பாலிசேட் திசு, அதாவது நெட்டையான பச்சைச் செல்கள் நெருக்கமாக நிற்கும் அடுக்கு. பெரும்பாலான இலைகளில் அது மேல்பக்கம் மட்டும்தான் இருக்கும். பேதிக்குக் கொடுக்கும் நிலவாகை இலை என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் ஆவாரை அதற்கு நெருங்கிய உறவாயிற்றே, அதுவாக இருந்துவிட்டால்! வேதிச் சோதனையும் செய்தேன். நிலவாகையில் எதிர்பார்க்கிறபடியே சோதனைக் குழாயில் அமோனியா அடுக்கு இளஞ்சிவப்பானதும் சந்தேகம் போயிற்று.

நிலவாகை நம் ஊர்ச் சரக்குதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைவது. உலகச் சந்தையில் அதன் பெயரே 'டின்னவெல்லி சென்னா'. மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுத்துக்கொள்ள நல்ல மருந்து, அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அதில் வேலை செய்வது சென்னோசைடு ஏ, பி என்ற கிளைக்கோசைடுகள், அதாவது சர்க்கரை ஒட்டிய வேதிப்பொருள்கள். இவை சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைப் பிரித்து ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக ஆக்கிய பிறகுதான் குடல் தூண்டப்படுகிறது. அதனால்தான் இரவு குடித்தால் காலையில் போகிறது. அதற்குள் சாப்பாட்டின் சத்தும் கொழுப்பும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தராசில் குறைந்தது வெறும் தண்ணீர்! கூடவே பொட்டாசியமும் போகும். களைப்பும் கெண்டைக்கால் இழுப்பும் அதனால் வரலாம். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து.

அந்தப் பெண்ணை ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்பினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாக்கெட் இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். நிலவாகை, நிலாவிரை, சென்னா, காசியா அங்குஸ்டிஃபோலியா எல்லாம் ஒரே இலைதான். ஒரு வாரத்துக்கு மேல் தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கேட்காமல் தொடவே வேண்டாம்.