குரு தியானத்தில் உட்காரும் முன்: பழைய அமிகாவில் பல புரோகிராம்களை ஓட்டுவோருக்கு

போன குளிர்காலத்தில் ஒருவர் அமிகா 500 என்ற தன் பழைய வீட்டுக் கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். கூடவே ஒரு பழைய தபால் உறை. அதன் பின்பக்கம் பென்சிலால் பதினோரு வரி, எல்லாம் எண்கள்.

"ஒரு புரோகிராமை மட்டும் ஓட்டினால் சமர்த்தாக இருக்கிறது. இரண்டு மூன்றைச் சேர்த்து ஓட்டினால் படுத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் திரையில் வந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்தேன். உங்களுக்கு உபயோகப்படுமா?" என்றார்.

இங்கிலாந்தில் ஒரு சிறு ஊரில் பழைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. இதே புகாரோடு வருபவர்கள் அதிகம். மதர்போர்டையே மாற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள், சிப்பைப் பிடுங்கிச் செருகி அதன் காலை ஒடித்துக்கொண்டு வருவார்கள். எண்களை எழுதிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். உறைக்குப் பிறகு வருகிறேன்.

முதல் அமிகா 1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கில் அறிமுகமானது. ரேம் 256 கிலோபைட். அதற்குள்ளேயே பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடின. கண்கட்டு வித்தை இல்லை, நிஜமாகவே ஓடின. மேக்கிண்டாஷில் சில வருடம் கழித்து வந்த ஏற்பாட்டில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் மனம் வைத்து ஒதுங்கினால்தான் அடுத்ததற்கு முறை கிடைக்கும். அமிகாவிலோ கார்ல் சாசன்ராத் எழுதிய எக்ஸெக் என்ற இயங்குதள உட்கருதான் நாட்டாமை. யாரையும் கேட்காமல் ஒன்றை நிறுத்தி அடுத்ததை ஓடவிடும். 1984லேயே வந்த சின்க்ளேர் கியூஎல் கணினியும் இதைச் செய்தது. ஆனால் அதன் மைக்ரோடிரைவ் நாடாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுவோம்.

இவ்வளவு சின்ன இடத்தில் இது எப்படிச் சாத்தியமானது? சுவர் கட்டாததால். அமிகா 500இல் இருக்கும் 68000 செயலியோடு மெமரியைக் காவல் காக்கும் பகுதி எதுவும் கிடையாது. எல்லாப் புரோகிராம்களும், இயங்குதளமும்கூட, ஒரே கூடத்தில் ஒண்டுக்குடித்தனம். ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குச் சேதி அனுப்ப வேண்டுமென்றால் சேதியைப் பிரதியெடுக்காது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று முகவரியை மட்டும் சொல்லும். அதனால்தான் அவ்வளவு வேகம். அதனாலேயே ஒருவர் கைதவறிக் கொட்டினால் அடுத்தவர் பாயும் நனைகிறது. இன்னொன்று: ஒரு புரோகிராம் பாதியில் செத்தால், அது வாங்கிய மெமரியைத் திரும்ப எடுத்து வைக்க ஆளில்லை. அடுத்த முறை இயந்திரத்தைத் துவக்கும்வரை அந்த இடம் போனது போனதுதான்.

அப்படிக் கொட்டிய ஈரம் இயங்குதளத்தின் காலடிக்கு வரும்போது குரு வருகிறார். கருப்புத் திரை, மேலே சிமிட்டும் சிவப்புப் பெட்டி, அதில் 'குரு மெடிட்டேஷன்' என்று தொடங்கும் வரி. அமிகாவை உருவாக்கிய நிறுவனம் அதற்கு முன் ஏறி நின்று ஆட்டும் ஒரு விளையாட்டுப் பலகையை விற்றது. கணினி படுக்கும்போதெல்லாம் பொறியாளர்கள் அந்தப் பலகைமேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து மனதை அமைதிப்படுத்திக்கொள்வார்களாம். பெயர் அங்கிருந்து வந்தது.

அந்த வரியைக் கண்டதும் பலரும் செய்வது, கடுப்பில் மவுஸின் இடது பட்டனைத் தட்டுவது. தட்டாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், இல்லை கைபேசியில் படம் எடுங்கள். புள்ளிக்கு முன்னால் உள்ள எட்டு இலக்கம் என்ன கோளாறு என்று சொல்லும், பின்னால் உள்ள எட்டு இலக்கம் எந்தப் புரோகிராம் ஓடும்போது நடந்தது என்று காட்டும் முகவரி. 3இல் முடிந்தால் செயலி தவறான முகவரியில் கைவைத்திருக்கிறது. 4 என்றால் கட்டளையே இல்லாத ஒன்றைக் கட்டளையாக நினைத்து ஓடப் பார்த்திருக்கிறது. 81000005 என்றால் எந்த மெமரி காலி என்று எக்ஸெக் வைத்திருக்கும் கணக்கையே யாரோ அழித்திருக்கிறார்கள். 81000009 என்றால் ஒரே இடத்தை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

குருவுக்கு முன்னால் சில சமயம் ஒரு சின்னப் பெட்டி வரும். ஒரு புரோகிராமில் பிழை, அதை நிறுத்தி வைத்திருக்கிறேன், டிஸ்க் வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு கேன்சல் பட்டனை அழுத்து என்று சொல்லும். அமிகாவைத் துவக்கியதும் வரும் மேசைத்திரையான வொர்க்பெஞ்சின் பழைய 1.3 பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய முகம். பாதிப்பேர் படிக்காமலே கேன்சலை அழுத்துகிறார்கள். அந்தப் பெட்டி கொடுப்பது அவகாசம். செத்தது ஒரு புரோகிராம்தான், மற்றவை இன்னும் மூச்சோடு இருக்கின்றன. பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றவற்றில் செய்த வேலையைச் சேமியுங்கள். ஆனால் பழைய கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள். மெமரியில் எது நனைந்திருக்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. புதுப் பெயரில், முடிந்தால் வேறு ஃபிளாப்பியில் போடுங்கள்.

அடுத்தது, எனக்கு அதிகம் தொலைபேசி அழைப்பு வருகிற விஷயம். "மேல் பட்டையில் அரை மெகாபைட் காலி என்று காட்டுகிறது, ஆனால் படம் வரையும் புரோகிராம் மெமரி இல்லை என்கிறதே?" இரண்டு காரணம் உண்டு.

அடியில் உள்ள மூடியைத் திறந்து 512 கிலோபைட் அட்டை செருகிய அமிகா 500இல், சாதாரணமாக இரண்டு வகை மெமரி இருக்கும். படத்தைத் திரைக்கு அனுப்பும் சிப்புகளும் ஒலி எழுப்பும் பவுலா சிப்பும் முதல் அரை மெகாபைட்டை, அதாவது சிப் ரேமை மட்டும்தான் பார்க்கும். இப்போது கூட்டிப் பாருங்கள். நாலு வண்ண வொர்க்பெஞ்ச் திரைக்கு 40 கிலோபைட். பதினாறு வண்ணத்தில் 640க்கு 256 புள்ளித் திரை ஒன்றுக்கு 80, அதை 'அன்டூ' செய்ய இன்னொரு பிரதி வைத்தால் 160. பின்னால் டிராக்கர் என்ற இசைப் புரோகிராமில் 200 கிலோபைட் ஒலி மாதிரிகளோடு ஒரு பாட்டு. 512இல் இதெல்லாம் போக மிச்சம் நூற்றுச் சொச்சம், அதற்குள்தான் இயங்குதளமும் ஃபிளாப்பி டிரைவுகளும் பிழைக்க வேண்டும். செருகிய அட்டை காற்று வாங்கிக்கொண்டிருக்கும், 1.3இன் மேல் பட்டை இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். அதை நம்பாமல் கட்டளை அடிக்கும் ஜன்னலான ஷெல்லில் 'அவெயில்' என்று அடித்துப் பாருங்கள், தனித்தனியாகச் சொல்லும்.

அதிலேயே கடைசிப் பத்தி இரண்டாவது காரணத்தைக் காட்டும்: ஒரே துண்டாக இருக்கும் பெரிய காலியிடம் எவ்வளவு. கல்யாணப் பந்தியில் இருபது இலை காலியாக இருக்கலாம். ஆனால் இங்கொன்று அங்கொன்றாக இருந்தால் ஆறு பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது, பாதிச் சாப்பாட்டில் இருப்பவரை எழுப்பித் தள்ளி உட்காரச் சொல்லவும் முடியாது. அமிகாவிலும் அப்படித்தான், கொடுத்த மெமரியை நகர்த்தவே முடியாது. சின்னச் சின்னப் புரோகிராம்களைத் திறந்து திறந்து மூடினால் பந்தி துண்டுதுண்டாகிவிடும். அதனால் பெரிய குடும்பத்தை முதலில் உட்கார வையுங்கள். படம் வரைவதையும் இசையையும் முதலில் திறந்துவிட்டு, கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் அப்புறம். மெமரியையே டிஸ்க் போலப் பயன்படுத்தும் ரேம் டிஸ்கில் எதையாவது காப்பி செய்துவிட்டு மறந்திருந்தால் அதுவும் இலை பிடித்து உட்கார்ந்திருக்கும்.

அமிகாவில் எனக்கு இன்றும் அலுக்காத ஒரு காட்சி உண்டு. திரையின் மேல் பட்டையை மவுஸால் பிடித்து இழுத்தால் கடை ஷட்டர் போல முழுத் திரையும் கீழே இறங்கும், பின்னால் இன்னொரு புரோகிராமின் திரை வேறு அளவில், வேறு வண்ணங்களில் தெரியும். வொர்க்பெஞ்ச் 2.0 முதல், இடது அமிகா விசையோடு 'எம்' அழுத்தினால் திரைகள் ஒவ்வொன்றாக முன்னால் வரும். அழகுதான். ஆனால் பின்னால் மறைந்திருக்கும் திரையும் சிப் ரேமைத் தின்றுகொண்டேதான் இருக்கும். பதினாறு வண்ணத் திரை முன்னால் இருந்தால் வேகமும் குறையும். படம் திரையில் விழும் நேரம் முழுக்க மெமரிக்குப் போகும் பாதையைப் படமே அடைத்துக்கொள்ளும், செயலி காத்து நிற்கும். பின்னால் ஏதாவது கணக்கு ஓடுகிறதென்றால் முன்னால் நாலு வண்ணத் திரையை வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் உறைந்தது போல் இருந்தால் மவுஸை ஆட்டிப் பாருங்கள். அம்பு நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் பதிலில்லை என்றால் உயிர் இருக்கிறது. மவுஸைக் கவனிக்கும் வேலைக்கு எக்ஸெக் 20 என்ற உயர்ந்த முன்னுரிமை கொடுத்திருக்கிறது, சாதாரணப் புரோகிராம்களுக்குப் பூஜ்யம். இடையில் ஏதோ ஒன்று செயலியைப் பிடித்து வைத்திருக்கிறது, பொறுத்துப் பாருங்கள். அம்பும் நகரவில்லை என்றால் பொறுத்துப் பிரயோசனமில்லை. ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் உருவாக்க மணிக்கணக்கில் ஓடும் ரே டிரேசிங் மாதிரி வேலைகளுக்கு 'சேஞ்ச்டாஸ்க்பிரி' கட்டளையால் முன்னுரிமையை மைனஸ் ஒன்றுக்கு இறக்கிவிடுங்கள். மற்றவர்கள் சும்மா இருக்கும் நேரத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னதில் போவது அன்றைய வேலை மட்டும். ஃபிளாப்பியில் போவது முப்பது வருடத்துக் கடிதம். இரண்டு புரோகிராம்கள் ஒரே டிரைவைக் கேட்டால் வாசிக்கும் தலை எண்பது தடங்களுக்கிடையே அங்குமிங்கும் ஓடிக் கடகடவென்று சத்தம் போடும், இரண்டும் ஆமை வேகத்தில் நகரும். பொறுமை இழந்து ஒன்றை எடுத்துவிடலாம் என்று கை போகும். ஒருவர் அப்படி எடுத்தார். இறந்துபோன அண்ணன் எழுதியவை இருந்த டிஸ்க், வேறு பிரதி கிடையாது. ஓரளவுதான் மீட்டுக் கொடுக்க முடிந்தது. கோப்பு எழுதி முடிந்த பிறகும் டிஸ்கில் எந்தக் கட்டம் காலி என்ற அட்டவணையைச் சில நொடி கழித்துத்தான் அமிகா எழுதும். விளக்கு அணைந்த பிறகும் மூன்று எண்ணிவிட்டு எடுங்கள். ஒரே பிரதியாக இருக்கும் டிஸ்கை, பல புரோகிராம்களைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் நாளில் டிரைவில் போடவே போடாதீர்கள். எழுதுவதைத் தடுக்கும் ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டு முதலில் பிரதி எடுங்கள். சாதாரண பிசியின் ஃபிளாப்பி டிரைவ் தனியாக அமிகா டிஸ்கைப் படிக்காது, கிரீஸ்வீசல் போன்ற ஒரு சிறு பலகை வேண்டும்.

கன்ட்ரோலோடு இரண்டு அமிகா விசையையும் அழுத்தி மறுபடி துவக்கினால் எல்லாம் துடைத்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். 1987இல் பரவிய எஸ்சிஏ வைரஸ் அதற்குப் பிறகும் மெமரியில் உட்கார்ந்திருந்து, அப்போது டிரைவில் இருக்கும் டிஸ்கின் முதல் 1024 பைட்டில் தன்னை எழுதிக்கொள்ளும். தெரியாத டிஸ்கைப் போட்டுப் பார்த்தால் மின்சாரத்தையே நிறுத்தி அரை நிமிடம் விடுங்கள்.

பல புரோகிராம்கள் வேண்டுமென்று பழைய மெமரி அட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த அட்டையில் பெரும்பாலும் கடிகாரத்துக்காக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும், தகர உறைக்குள் கண்ணில் படாமல். அது கசிந்து செம்புத் தடங்களைத் தின்னும். செருகும் முன் உறையைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலும் பூக்காவிட்டாலும் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்திருந்தால் முதலில் வினிகர், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அமிகா 500 பிளஸ் என்றால் பேட்டரி மதர்போர்டிலேயே இருக்கிறது. இன்று மாலையே திறந்து பாருங்கள்.

சரி, உறைக்கு வருவோம். முதல் ஏழு வரியும் 81000005. அவர் படம் வரையும் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டார், ஏனென்றால் அதை மூடும்போதுதான் குரு வந்தார். மெமரியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கணக்கு தப்பியிருப்பது எக்ஸெக்குக்குத் தெரியவரும். பிடிபட்டவரே திருடர் என்று இல்லை. ஒவ்வொரு புரோகிராமாக விலக்கி ஓட்டிப் பார்த்ததில், எங்கிருந்தோ அவரிடம் வந்துசேர்ந்திருந்த ஒரு குட்டிக் கடிகாரம் அகப்பட்டது. தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டி எழுதிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கினோம், 81000005 நின்றது.

மிச்சம் நாலு வரி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 3, 4, மறுபடி 4, கடைசியில் ஒரு பி (இந்த எண்களில் 9க்குப் பிறகு ஏ, பி என்று எழுத்துகள் வரும்). ஒரே புரோகிராம்களுக்கு ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைத் தேடுவேன். இப்படிச் சிதறினால் என் கை முதலில் மல்ட்டிமீட்டரைத்தான் தேடும். தேதிகளைப் பார்த்தேன். நாலும் அவர் வெளியே செருகும் இரண்டாவது டிரைவ் வாங்கிய பிறகு வந்தவை. சும்மா இருக்கும்போது மதர்போர்டில் 4.9 வோல்ட். இரண்டு டிரைவும் சுழன்றபோது 4.6. 4.75க்குக் கீழே இறங்கினால் இந்தச் சிப்புகள் என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பவர் சப்ளையை மாற்றினேன். நீங்களாக அதைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டு நாள் டிராக்கரையும் படத்தையும் எடிட்டரையும் சேர்த்து ஓடவிட்டேன், குரு வரவில்லை. அவர் வந்து வாங்கிக்கொண்டார், பணம் கொடுத்தார், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அந்த உறை எங்கே என்றார். அதில் இன்னும் மூன்று வரிக்கு இடம் இருக்கிறதாம்.