கண்ணில் பறக்கும் பூச்சிகளும் குகைச் சுவர்களும்

பசி முற்றினாலோ தலை சுற்றினாலோ "கண்ணில் பூச்சி பறக்கிறது" என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் விரலை வைத்து லேசாக அழுத்தினாலும் அதே பூச்சிகள் வரும். முதலில் மங்கலான வெளிச்சம், அப்புறம் புள்ளிகள், கொஞ்சம் பொறுத்தால் கட்டம் கட்டமாக ஏதோ ஒன்று அசையும். வெளியிலிருந்து எந்தக் காட்சியும் உள்ளே வரவில்லை, ஆனாலும் பார்க்கிறோம். ஆதி மனிதர்களின் ஓவியங்களைப் பற்றியும், மதம் என்ற ஒன்று எப்படி முளைத்திருக்கும் என்பதைப் பற்றியும் பேச இந்தப் பூச்சிகளிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

1920-களில் ஹைன்ரிக் க்ளூவர் என்ற உளவியலாளர், பெயோட்டி என்னும் கள்ளிச்செடியில் இருக்கும் மெஸ்கலின் எப்படிப்பட்ட காட்சிகளைக் கிளப்புகிறது என்று ஆராய்ந்தார். தானே உட்கொண்டும் பார்த்தார், மற்றவர்கள் சொன்னதையும் திரட்டினார். வடிவங்கள் திரும்பத் திரும்ப நாலே வகைக்குள் அடங்கின: வலைபோன்ற கட்டங்கள், சிலந்தி வலைகள், சுரங்கம்போல உள்ளே இழுக்கும் வட்டங்கள், சுருள்கள். ஒற்றைத் தலைவலி தொடங்குமுன் சிலருக்குக் கண்ணெதிரே மின்னும் வளைந்த ரம்பப்பல் கோடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆளுக்கு ஆள் கனவு மாறும்போது இது மட்டும் ஏன் மாறவில்லை?

பதில் பின்மண்டையில் இருக்கிறது. கண் அனுப்பும் செய்தி மூளையின் மேற்பரப்பில் முதலில் போய்ச் சேரும் பகுதி அங்கேதான். அங்குள்ள நரம்பணுக்கள் பக்கத்திலிருப்பவற்றைத் தூண்டிவிடும், சற்றுத் தள்ளியிருப்பவற்றை அடக்கிவைக்கும். சாதாரண நேரத்தில் இந்த இரண்டும் சமன்பட்டுக் கிடக்கும். மருந்தாலோ களைப்பாலோ மூச்சுத் திணறலாலோ சமநிலை குலைந்தால், காற்று வீசிய மணலில் வரி விழுவதுபோல அந்தப் பரப்பில் தானாகவே வரிவரியாக அணுக்கள் விழித்துக்கொள்ளும். மூளையில் அவை நேர்க்கோடுகள்தான். ஆனால் நாம் பார்க்கும் உலகம் அங்கே நேராகப் பதிவதில்லை. பார்வையின் நடுப்பகுதிக்குப் பெரிய இடமும் ஓரங்களுக்குக் குறுகிய இடமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் மூளையில் ஒரு திசையில் விழுந்த வரிகள் நமக்கு வட்டங்களாகத் தெரிகின்றன, அதற்குக் குறுக்காக விழுந்தவை நடுவிலிருந்து விரியும் கதிர்களாக, சாய்வாக விழுந்தவை சுருள்களாக. பார்ட் எர்மென்ட்ராட், ஜாக் கோவன் என்ற இருவர் 1979-ல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். சுரங்கத்துக்குள் பறந்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தன் மூளையின் பின்னலைத்தான் பார்த்திருக்கிறார்.

இதற்கு மருந்து வேண்டும் என்பதில்லை, இருட்டே போதும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்களை ஐந்து நாள் கட்டிவைத்தார்கள். 10 பேருக்குக் காட்சிகள் வந்தன. சிலருக்கு வெறும் ஒளிப்புள்ளிகள். சிலருக்கோ முகங்கள், நிலக்காட்சிகள். செய்தி வராதபோது மூளை சும்மா இருப்பதில்லை, தன் நினைவிலிருந்து படம் போட ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது குகைக்குள் போவோம். பிரான்ஸின் தெற்கே டுக் டோடூபேர் என்ற குகை. நூற்றுக்கணக்கான மீட்டர் நடந்தும் தவழ்ந்தும் போனால், கடைசி அறையில் களிமண்ணால் செய்த இரண்டு காட்டெருமைகள் ஒரு பாறையில் சாய்ந்து நிற்கின்றன. பிடரி மயிரை விரலால் இழுத்துவிட்ட கோடு இன்னும் அழியவில்லை. பக்கத்தில் ஈரமண்ணில் குதிகால் தடங்கள், சின்னச் சின்னதாக, சிறுவர்களுடையவை. 1912-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த இடத்தில் யாரும் குடியிருக்கவில்லை. வாழ்ந்தது குகை வாயிலிலும் பாறை ஒதுக்குகளிலும்தான். கொழுப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் உள்ளே போனார்கள் என்றால், அலங்காரத்துக்காக என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் சுவரை வெறும் சுவராகப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு தடயங்களும் உண்டு. ஸ்பெயினின் அல்டமிரா குகைக் கூரையில் பாறை புடைத்திருக்கும் இடங்களே காட்டெருமைகளின் உடலாகியிருக்கின்றன. விளக்குச் சுடர் அசைந்தால் விலங்கும் அசையும். வேறு குகைகளில் பாறை இடுக்குகளுக்குள் எலும்புத் துண்டுகளைச் செருகியிருக்கிறார்கள், கல்லுக்குப் பின்னால் வாங்கிக்கொள்ள யாரோ இருப்பதுபோல. பல குகைகளில் கையைச் சுவரில் ஒட்டி வைத்து அதன்மேல் சாயத்தை வாயால் ஊதியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் லோர்பிளான்ஷே, பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளை அதே முறையில், கரியை வாயில் மென்று துப்பி, இன்னொரு பாறையில் வரைந்து காட்டினார். அப்படி ஊதும்போது கையும் பாறையும் ஒரே நிறத்தில் மூழ்கிவிடும். ஒரு கணம் கை சுவருக்குள் போய்விட்டதுபோல இருக்கும்.

1988-ல் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ், தாமஸ் டவுசன் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் மூளையின் வடிவங்களையும் குகை ஓவியங்களையும் சேர்த்தார்கள். குகைகளில் விலங்குகளோடு கலந்து காணும் புள்ளிகளும் கட்டங்களும் நெளிகோடுகளும் மருள் நிலையில் மூளை காட்டும் வடிவங்களே, வரைந்தவர்கள் ஷாமன்களே என்றார்கள். ஷாமன் என்பது சைபீரியாவின் துங்கூஸ் மொழிச் சொல். மெய்மறந்த நிலையில் ஆவி உலகத்துக்குப் போய்த் திரும்புபவர் என்று பொருள் கொள்ளலாம்.

அந்த ஆய்வாளர்களுக்குத் துணிவு தந்தது, ஆப்பிரிக்காவின் தெற்கே வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களின் ஓவியங்கள். அவற்றை வரைந்த மரபினரின் சொந்தச் சொற்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1870-களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் ப்ளீக்கும் லூசி லாய்டும் சான் மக்களிடம் கேட்டு எழுதியவை 12,000 பக்கங்களுக்கு மேல். டிராகன்ஸ்பெர்க் மலையில் கேம் பாஸ் என்ற பாறை ஒதுக்கில் ஓர் ஓவியம் இருக்கிறது. ஈலண்ட் என்னும் பெரிய மான் சாகப்போகிறது: தலை தொங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, பின்னங்கால்கள் பின்னிக்கொள்கின்றன. அதன் வாலைப் பிடித்திருக்கும் மனிதனின் கால்களும் அதேபோலப் பின்னியிருக்கின்றன. பாதத்துக்குப் பதில் குளம்பு. மருள் கொண்டு விழுகிறவனும் நடுங்குகிறான், வியர்க்கிறான், சாய்கிறான். மானின் சாவும் அவனுடைய மருளும் அவர்களுக்கு ஒன்றே. இதை அறியாமல் பார்த்தால் வெறும் வேட்டைப் படம்.

சரி, சான் மக்களுக்குப் பொருந்துவது பனியுக ஐரோப்பாவுக்கும் பொருந்துமா? பால் பான் முதலிய விமரிசகர்கள் கடுமையாக மறுத்தார்கள். வடிவங்கள் படிப்படியாக முற்றி மனித-விலங்கு உருவங்களாக மாறும் வரிசை சில போதைப்பொருள்களில் மட்டுமே வரும், அவை அந்தக் குகைவாசிகளுக்குக் கிடைத்ததற்குச் சான்றில்லை என்பது அவர்கள் வாதம். புள்ளியும் கோடும் எந்தக் குழந்தையும் வரைவதுதானே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு ஷாமனைத் தேடுவது எனக்கும் ஏற்பில்லை. ஆனால் இருட்டு, களைப்பு, கொட்டொலி, தூக்கமின்மை எல்லாம் நம்மைப் போன்ற மூளைமீது அன்றும் வேலை செய்திருக்கும். அதை மறுக்க வழியில்லை.

காட்சி மட்டும் மதம் ஆகிவிடாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்ணில் பூச்சி பறப்பது தனி ஒருவரின் அனுபவம். அதைக் கேட்டு நம்ப ஒரு கூட்டம் வேண்டும். கலஹாரிப் பாலைவனத்தில், சான் மக்களில் ஒரு பிரிவினரான ஜூஹோவான்சி மக்களின் மருள் நடனத்தில் பெண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து விடியவிடியக் கைதட்டிப் பாடுகிறார்கள், அவர்களைச் சுற்றி ஆண்கள் ஆடுகிறார்கள். வயிற்றில் ஒரு சக்தி கொதித்து முதுகெலும்பு வழியே ஏறுவதாகச் சொல்வார்கள். மருள் வந்தவர் அங்கிருக்கும் ஒவ்வொருவர் மீதும் கைவைத்து நோயை இழுத்தெடுக்கிறார். அவர் விழுந்தால் தாங்கிப்பிடித்து, உடம்பைத் தேய்த்துத் திரும்ப அழைத்துவருவதும் அந்தக் கூட்டம்தான்.

ஜெர்மனியின் ஹோலன்ஸ்டைன்-ஷ்டாடெல் குகையில் 1939-ல் மாமூத் யானைத் தந்தத் துண்டுகள் கிடைத்தன. ஒட்டிப் பார்த்தபோது சிங்கத் தலையும் மனித உடலுமாக 31 சென்டிமீட்டர் உயரத்தில் ஒருவர் எழுந்து நின்றார். வயது ஏறக்குறைய 40,000 ஆண்டு. அதே மாதிரி ஒன்றைக் கல்லாயுதத்தால் செதுக்கிப் பார்த்தவர்களுக்கு முந்நூறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அத்தனை நாளும் செதுக்கியவருக்கு வேறு யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். சிலை கிடைத்தது குகையின் உள்ளறையில். அதன் மேனி, கைகள் பட்டுப்பட்டுத் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது.