எமரால்ட் ஹில், கேர்ன்ஹில், பிளேர் பிளேன்: பழைய வீடு வீடாகவே இருக்க சிங்கப்பூர் விதிகள் கேட்பது என்ன?

சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் 7,000-க்கும் மேல். முதல் பெரிய அறிவிப்பு 1989 ஜூலை 7 அன்று வந்தது: 10 வட்டாரங்கள், 3,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ, சைனாடவுனின் நான்கு பகுதிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எமரால்ட் ஹில்லும் கேர்ன்ஹில்லும் அதே நாளில் சேர்ந்தன. பிளேர் பிளேன் 1991-இல் வந்தது. கடைசியாகச் சொன்ன மூன்றையும் நகர மறுசீரமைப்பு ஆணையம் 'குடியிருப்பு மரபு வட்டாரங்கள்' என்று தனியாக வகைப்படுத்தியுள்ளது. இங்கே வீடு வாங்குவோர், வாடகைக்கு எடுப்போர், பழுது பார்ப்போர் அறிய வேண்டியவை இவை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கட்டடத்தைக் காப்பது ஒரு விதி, அதில் ஆட்கள் குடியிருப்பதைக் காப்பது வேறு விதி. போட் கீயின் கட்டடங்கள் நின்றன, ஆனால் இன்று அங்கே இருப்பவை உணவகங்களும் அலுவலகங்களும்தான். எமரால்ட் ஹில்லில் இன்றும் துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அதற்குக் காரணம் முகப்பின் அழகு அல்ல. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் பெருந்திட்டத்தில் அந்த நிலத்துக்குக் குடியிருப்பு என்று பயன்பாடு குறிக்கப்பட்டிருப்பதுதான். ஆகவே ஆணையத்தின் இணைய வரைபடத்தில் இரண்டையும் பார்க்க வேண்டும்: கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதா, நிலத்தின் பயன்பாடு என்ன. ஒன்றை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பவர்கள்தான் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

மூன்று சொற்களில் கொள்கை அடங்கும்: முடிந்தவரை அப்படியே வைத்தல், பொருந்தும்படி மீட்டல், கவனமாகப் பழுதுபார்த்தல். சைனாடவுன், லிட்டில் இந்தியா போன்ற மரபு வட்டாரங்களில் முன்புறம் முதல் பின்சுவர் வரை முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும். குடியிருப்பு மரபு வட்டாரங்களில் கொஞ்சம் தளர்வு உண்டு. தெருவைப் பார்த்த முதன்மைக் கட்டடமான முன்வீடு அப்படியே இருக்க வேண்டும். பின்னால் புதிதாகக் கட்டலாம், அது முன்வீட்டுக் கூரையைவிடத் தாழ்வாக இருந்தால் போதும். குடும்பம் பெருகும்போது குளியலறையும் சமையலறையும் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட விதி இது. இந்தத் தளர்வு இல்லாமல் போயிருந்தால் பலர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்பதே எங்கள் கருத்து.

முன்வீட்டில் காக்க வேண்டியவை: கூரை, இரு வீடுகளுக்கும் பொதுவான பக்கச்சுவர், மர உத்தரங்கள், நடுமுற்றம், மரச் சன்னல்கள், மரப்படிகள், முகப்பு. கூரையில் மெருகிடாத, இயற்கை நிறச் சுட்ட மண் ஓடுதான் வேண்டும். வாசலில் 'பிந்து பகார்' எனும் அரைக்கதவு இருந்தால் அதையும் பழுதுபார்த்து வைப்பதுதான் முறை. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியை முகப்பிலோ, வீட்டுக்கு முன்னே கூரையின்கீழ் ஓடும் ஐந்தடி நடைபாதையிலோ மாட்டக்கூடாது.

அதிகம் கெட்டுப்போவது சுவர்தான். இந்த வீடுகள் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரேறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, நெகிழிப் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பிறகு உப்பு பூக்கும், பூச்சு தகடு தகடாக உரியும், செங்கல் பொடியும். உரிந்த இடத்தில் மறுபடியும் சிமெண்ட் வைப்பது நோயை வளர்ப்பதாகும். பழைய சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் காற்று புகும் கனிமச் சாயமும் கொடுக்க வேண்டும். காயவிடும் காலத்தைக் குறைக்க ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது உத்தரத்தின் நுனி. பக்கச்சுவருக்குள் செருகியிருக்கும் அந்த ஒரு சாண் மரம்தான் முதலில் மக்கும், கறையானும் அங்கேதான் தொடங்கும். நடுப்பகுதி திடமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. சுவர் ஓரத்தில் பலகையைக் கழற்றி, நுனியைக் கூரிய கம்பியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மக்கிய பகுதியை மரத்தாலேயே மாற்ற வேண்டும்.

அனுமதி பெறும் வழி

தகுதிபெற்ற கட்டடக்கலைஞர் அல்லது பொறியாளர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய நிலையின் அளவு வரைபடமும் புகைப்படங்களும் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு விரைவாக வேலை நகரும். 'முன்பு இங்கே என்ன இருந்தது' என்ற கேள்வியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. முதலில் தற்காலிக அனுமதி, 6 மாதம் செல்லும். நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் எழுத்துவழி அனுமதி, 2 ஆண்டு. உத்தரம், சுவர் போன்ற தாங்கும் பாகங்களைத் தொட்டால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதியும் தேவை. வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல்களைப் படமெடுத்து இருதரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவர் பொது என்பதால் பழி சுலபமாக வரும். அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் வேலை செய்தால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம்.

வீட்டு உரிமையாளருக்கு உதவிப் பணம் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். தேசிய நினைவுச்சின்ன நிதி, லாப நோக்கற்ற அமைப்புகள் வைத்திருக்கும் நினைவுச்சின்னங்களுக்கானது. தனியார் வீட்டுக்கு அது பொருந்தாது.

குடியிருப்பு குடியிருப்பாகவே

தனியார் வீட்டைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. 2017-க்கு முன் இது 6 மாதமாக இருந்தது. சுற்றுலாப் பயணிக்கு நாள் கணக்கில் அறை கொடுப்பது குற்றம். அபராதம் 200,000 வெள்ளி வரை. 2018-இல் இருவருக்குத் தலா 60,000 வெள்ளி விதிக்கப்பட்டது. உறவில்லாதவர்கள் ஒரே வீட்டில் 6 பேர் வரை தங்கலாம். 90 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8 பேர் வரை விட அனுமதி உண்டு, ஆனால் தனியார் வீட்டு உரிமையாளர் அதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வீட்டில் அலுவலகம் நடத்தலாம், பதிவு செய்து. வெளியிலிருந்து வரும் பணியாளர் 2 பேருக்கு மேல் கூடாது. உணவகமாகவோ விடுதியாகவோ மாற்ற வேண்டுமானால் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும்; இந்த மூன்று வட்டாரங்களில் அதை நம்பி விலை பேசாதீர்கள். வணிகப் பயன்பாட்டுக் கடைவீட்டுக்கு, குடியிருப்பு வாங்குவோர்மேல் விழும் கூடுதல் முத்திரை வரி இல்லை, வெளிநாட்டவரும் வாங்கலாம். குடியிருப்புத் தரைவீட்டை வாங்க வெளிநாட்டவருக்குத் தனி ஒப்புதல் தேவை. இந்த வேறுபாடுதான் வீட்டை வணிகமாக்கும் ஆசையைத் தூண்டுகிறது, அதனால்தான் பயன்பாட்டு விதியை நாங்கள் இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

வாங்குமுன் விற்பவரிடம் அனுமதிபெற்ற வரைபடங்களைக் கேட்டு, வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடப்பட்ட முற்றம், நீக்கப்பட்ட படி, கூடுதல் தளம் ஆகியவற்றில் எது வரைபடத்தில் இல்லையோ அதைச் சரிசெய்யும்படி ஆணையம் அனுப்பும் அறிவிப்பு, அப்போது உரிமையாளராக இருக்கும் உங்கள் பெயருக்கே வரக்கூடும்.