'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன்னால்

சென்னையின் ஓரத்தில் இருக்கும் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர் நான். எங்கள் கோப்புகளில் அடிக்கடி வரும் வரி, 'தாய் ஒத்துழைக்கவில்லை'. நானும் எழுதியிருக்கிறேன், இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தோம். நாற்பது நாற்காலி போட்டோம், வந்தது ஆறு பேர், அதில் நாலு பேர் பாட்டிகள். அன்று ராத்திரி ஏழரைக்கு, வராத ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மயிலாப்பூரில் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சரைக்குக் கிளம்புனா இப்பதான் மேடம் வரேன். பகல்ல கூப்பிட்டா ஒருநாள் கூலி போயிடுமே." நகரத்தின் நடுவே இருந்தவர்களை 2000-லிருந்து இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள், ஆனால் அவர்கள் பிழைப்பு அங்கேயே இருக்கிறது.

கணவரை இழந்தவர் அந்த அம்மா. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. நகரத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வருமானச் சான்று, இறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் போகிற இடமெல்லாம் "புருஷன் எப்படி இறந்தாரு?" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டார்கள். நாலாவது இடத்தில் அந்தப் பெண் குழந்தை அம்மா கையை விட்டுவிட்டுத் தானாகவே வெளியே போய் நின்றுகொண்டது. அதோடு அவர் அலைவதை நிறுத்திவிட்டார். அதற்கும் நாம் எழுதுவது அதே வரிதான்.

2022-ல் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பிள்ளை இருக்கிற பள்ளிக்கே சாப்பாடு வந்துவிடுகிறது. அம்மா எந்த ஃபாரமும் நிரப்ப வேண்டாம், எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம். அது போய்ச் சேருவதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய காரணம்.

அப்புறம் நாங்களும் மாற்றிக்கொண்டோம். கூட்டம் இப்போது ஞாயிறு சாயங்காலம், பிளாக் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே. ஒரு குடும்பத்துக்கு ஒரே பணியாளர், நடந்ததை ஒரே ஒரு தடவை, பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொள்வார். அடுத்த அலுவலகத்தில் அவரே கூட நின்று சொல்லிவிடுவார். ஆள் பற்றாக்குறைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாவின் கோப்பில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'காலை 5.30 முதல் இரவு 7.30 வரை வேலை. ஞாயிறு மாலை பார்க்கலாம்.'