"படிப்புல ஆர்வமே இல்லீங்க" என்று சொல்வதற்கு முன்

"புள்ளைக்குப் படிப்புல ஆர்வமே இல்லீங்க மிஸ்." உளவளத்துணைக்கு வரும் பெற்றோரில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆர்வம் உண்டியல் காசு போலத் தீர்ந்துபோனதாக அவர்களுக்கு நினைப்பு. பிள்ளையின் மனதுக்குள் ஓடுவது ஒரு கணக்கு.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. காலை நிறுவையில் கொழுந்து குறைந்து, பொழுது சாயும்போதும் நிர்ணயித்த கிலோ சேராது என்று பட்டுவிட்டால், "எப்புடியும் அரைப்பேருதான்" (அரை நாள் சம்பளம்தான்) என்று கை தானாக மெதுவாகிவிடும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதைச் சோம்பல் என்பார். தொழிலிடத்து ஊக்கத்தைப் பற்றி 1964இல் எழுதிய விக்டர் வ்ரூம் இதை மூன்று கேள்விகளாகப் பிரித்தார். முயன்றால் முடியுமா? முடித்தால் பலன் வருமா? அந்தப் பலன் எனக்கு வேண்டியதா? மூன்றும் பெருக்கல் கணக்கு. ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம்.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் நடக்கும் ஊக்குவிப்புக் கூட்டங்கள் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. அட்டைக்கடியிலும் மழையிலும் அம்மா படும் பாடு, உத்தியோகம் கிடைத்தால் வரும் மரியாதை என்று பேசுவார்கள், பிள்ளைகள் அழுவார்கள். அந்தப் பிள்ளைக்கு உத்தியோக ஆசை ஏற்கெனவே இருக்கிறது. கணிதத்தில் சித்தியடையத் தேவையான 35 புள்ளி எடுக்க முடியும் என்ற நம்பிக்கைதான் இல்லை. முதல் கேள்வி பூச்சியமாக இருக்க, மூன்றாவதை ஊதிப் பெருக்கினால் மிஞ்சுவது குற்றவுணர்ச்சி. மறுநாள் புத்தகத்தைத் திறக்கவே கூசும்.

"என்னால் முடியும்" என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்று அல்பர்ட் பண்டுரா 1977இல் விளக்கினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்ததைக் கண்டது, பிறர் சொல், உடலின் பதற்றமோ நிதானமோ. முதலாவதுதான் பலமானது. ஆகவே பேச்சைக் குறைத்து வினாத்தாளை எடுங்கள். கணித முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பழைய தாளொன்றிலிருந்து பத்தைப் பொறுக்குங்கள். ஏழு அவனுக்கு வரக்கூடியவை, மூன்று கொஞ்சம் திணறவைப்பவை. நேரம் 20 நிமிடம். திருத்தும்போது விடையில் சிவப்புக் கோடு இழுத்து விட்டுவிடாமல், எந்த வரியில் பிழைத்தது என்று காட்டுங்கள். 1/2 + 1/3 க்கு 2/5 என்று எழுதிய பிள்ளை, பகுதியெண்ணைச் சமப்படுத்தும் ஒரேயொரு படியை விட்டிருக்கிறது. "எனக்கு மெத்ஸ் வராது" என்ற பெரிய பாரம், "அந்த ஒரு படியை மறக்கிறேன்" என்று சுருங்குவது இந்த இடத்தில்தான். பத்தும் சுலபமானவையாக இருந்தால் பயனில்லை. கொஞ்சுகிறார்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

முன்மாதிரிக்குக் கொழும்பிலிருந்து டொக்டரைக் கூட்டிவர வேண்டியதில்லை. முதல் தடவை டபிள்யூ (சித்தியில்லை) வாங்கி, அடுத்த தடவை சித்தியடைந்த பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) அக்கா போதும். எங்கே வழுக்கினார், எதை மாற்றினார் என்று அவர் சொல்லட்டும்.

"ஏ.எல். (உயர்தரம்) முடிச்ச மாமாவும் கடையிலதான் நிக்கிறாரு" என்பது, முடித்தால் பலன் வருமா என்ற இரண்டாவது கேள்வி. அதில் உண்மையும் இருப்பதால் மறுத்துப் பேசாதீர்கள். கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, தொழிற்பயிற்சி என்று எந்தப் பெறுபேற்றுக்கு எது திறக்கும் என்பதைத் தகைமையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

பிறரின் எதிர்பார்ப்புக்கு வருவோம். ரோசென்தலும் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட அமெரிக்கப் பாடசாலை ஆய்வில், குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்த சில பிள்ளைகளைப் பற்றி "இந்த வருடம் முன்னேறப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். 1ஆம், 2ஆம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. மேல்வகுப்புகளில் அப்படித் தெளிவாக இல்லை. அளவிட்ட விதம் பற்றி விவாதமும் உண்டு. எதிர்பார்ப்பு போய்ச் சேரும் வழி சாதாரணமானது. கெட்டிக்காரன் எழும்பினால் ஆசிரியர் பதிலுக்குக் காத்திருப்பார். முடியாதவன் என்று முடிவுகட்டிய பிள்ளை எழும்பினால் ஒரு நொடியில் "சரி இரு, அடுத்தாள்". மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு வாய் திறங்கள். அந்த ஐந்துக்குள் பல பிள்ளைகள் பேசிவிடுவார்கள்.

"பாஸ் பண்ணா போன் வாங்கித் தாறேன்" என்பதிலும் கவனம் வேண்டும். விரும்பிப் படம் வரைந்த சிறுபிள்ளைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்ததை 1973இல் ஓர் ஆய்வு காட்டியது. விருப்பமே இல்லாத வேலைக்குச் சின்னப் பரிசு தவறில்லை. விரும்பிச் செய்வதற்கு விலை போடாதீர்கள்.

இதெல்லாம் பொருந்தாத பிள்ளையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் மாறி, கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டாலும் வராமல், "நான் இருந்து என்னா" என்று பேசினால் அது ஊக்கக் குறைவில்லை. வினாத்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அன்றைக்கே பேசுங்கள்.