எங்க வீட்டு நோட்டுல நடவு கூலி ரெண்டு பக்கமும் இருக்கு

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஆறு மா நெலம், அதாவது ரெண்டு ஏக்கர். நடவு வந்தா ஆள் வச்சுதான் நடுறோம், ஆனா எங்க வயல் முடிஞ்ச மறுநாளே எங்கம்மா அதே செட்டோட சேர்ந்து அடுத்தவங்க வயலுக்கு நடவுக்குப் போயிடும். அப்பா ஒரு பழைய நோட்டுல கணக்கு எழுதுவார், அதுல வரவுலயும் "நடவு கூலி"ன்னு ஒரு வரி இருக்கும், செலவுலயும் "நடவு கூலி"ன்னு ஒரு வரி இருக்கும். பொருளாதாரம்னா என்னன்னு எனக்கு முதல்ல புரிஞ்சது அந்த நோட்டுலதான். ஒருத்தருக்கு செலவா இருக்குற கூலி இன்னொருத்தருக்கு வருமானம், இத மறந்துட்டுப் பேசுனா வேலை, ஆள்குறைப்பு, சம்பளம் எதுவுமே விளங்காது.

முதல்ல ஆள் தேவை எப்படி வருதுன்னு பாருங்க. ஜூன் 12 மேட்டூர் தெறக்குறதுதான் வழக்கம், தண்ணி கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு ஊருக்கு வரும்போது சுத்துவட்டாரத்துல எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்துல வருது. குறுவைங்குற குறுகிய கால நெல்லு நாத்த இருபது இருபத்தஞ்சு நாள் வயசுல நடணும், முத்திப்போச்சுன்னா தூர் சரியா கட்டாது, அதாவது புதுக் கிளை வெடிக்காது. அதனால அந்த பத்து பதினஞ்சு நாளுக்குள்ள எல்லாருக்கும் ஆள் வேணும், அதுக்கப்புறம் களையெடுப்பு தவிர பெருசா யாரும் கூப்பிட மாட்டாங்க. வருஷம் பூரா வேலை இல்லாதவங்களுக்கு அந்த பத்து நாள் மட்டும் அப்படி ஒரு கிராக்கி.

இந்தப் பிரச்சனைக்கு பழைய காலத்து மிராசுதாருங்க கண்டுபிடிச்ச வழிதான் பண்ணையாள் முறை. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் இல்லாம போயிடக்கூடாதுன்னு வருஷம் முழுக்க குடும்பத்தோட கட்டிப்போட்டு வச்சுக்கிட்டாங்க. மந்தமான காலத்துல சில கம்பெனிங்க வேலை இல்லாட்டியும் நல்ல ஆளை அனுப்பாம சம்பளம் குடுத்து வச்சுக்கிறதும் இதே காரணத்துக்குத்தான், ஆனா அங்க ஆளுக்கு வெளிய போற உரிமை இருக்கு, இங்க இல்ல, அந்த வித்தியாசத்த லேசா நெனைக்கக்கூடாது. 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில விவசாயக் கூலிக் குடும்பங்கள்ல 44 பேர மிராசுதாருங்க தரப்பு ஆளுங்க குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, அதுக்குப் பின்னாடி இருந்த தகராறே கூலி நெல்ல கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், அதுக்குப் பதிலா வெளியூர் ஆளை எறக்குனதும்தான். அடுத்த வருஷமே விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலி சட்டம் வந்துச்சு. கூலிங்குறது வெறும் சந்தை விலை இல்ல, யாருக்கு எவ்வளவு பலம்ங்குறதும் அதுல இருக்கு.

சரி, இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி. நாத்து நடுற வேகம் எங்க பாட்டி காலத்துலருந்து மாறவே இல்ல, ஏக்கருக்கு பதினஞ்சு பேர் பக்கம் அன்னைக்கும் வேணும் இன்னைக்கும் வேணும், அப்புறம் கூலி மட்டும் ஏன் ஏறுது? வில்லியம் பாமோல்னு ஒரு பொருளாதார நிபுணர் 1960கள்ல இதுக்கு பதில் சொல்லிட்டார், அவர் பாத்தது நாடகம் கச்சேரி நடத்துறவங்கள. நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற ஒரு இசைக்கு நூறு வருஷம் கழிச்சும் அதே நாலு பேர் அதே நேரம்தான், ஆனா வெளிய ஃபேக்டரில ஒரு ஆள் செய்யுற உற்பத்தி கூடிக்கிட்டே போகுது, சம்பளமும் கூடுது, அதுக்கு ஈடா குடுக்கலன்னா வாசிக்க யாரும் வரமாட்டாங்க. நம்ம ஊர்ல அந்த ஃபேக்டரி திருப்பூர். நடவு கூலிய நிர்ணயிக்கிறது நம்ம வயல் இல்லங்க, நம்ம புள்ளைங்க பஸ் ஏறிப்போற பனியன் கம்பெனி.

ஏறுன கூலிய யாராவது கொறைச்சிருக்காங்களா? நான் பாத்ததே இல்ல. கட்டுபடியாகலன்னா ஆளையே கொறைப்பாங்க, நடவு வேணாம் நேரடி விதைப்பு போட்டுடலாம்னு முடிவு பண்ணுவாங்க, களை மண்டும்னு தெரிஞ்சும். இது உலகம் பூரா இப்படித்தான். ட்ரூமன் பெவ்லின்னு ஒரு பேராசிரியர் 1990கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல மந்தம் வந்தப்ப முதலாளிங்க, மேனேஜருங்க, தொழிற்சங்கத் தலைவருங்கன்னு 300 பேருக்கு மேல நேர்ல பாத்து, ஏன் சம்பளத்த கொறைக்காம ஆளை வேலைய விட்டு அனுப்புறாங்கன்னு கேட்டார். பெரும்பாலானவங்க சொன்னது, சம்பளத்த கொறைச்சா இருக்குற எல்லாருக்கும் மனசு விட்டுப்போயிடும், வேலை கெட்டுப்போகும், ஆளை அனுப்புனா அந்தக் கசப்பு அனுப்புன ஆளோட வெளிய போயிடும்னு. நடவுலயும் அப்படித்தான, மனசில்லாம நட்டா நாத்து இடைவெளி விட்டு கலக்கமா விழும், அறுப்புலதான் தெரியும்.

அறுவடை மிஷின் கதைக்கு வருவோம். கையறுப்புன்னா ஏக்கருக்கு அறுக்க, கட்டு தூக்க, களத்துல அடிக்கன்னு இருபது பேருக்கு மேல ஒரு நாள் வேலை, மிஷின் ஒரு மணி நேரம் சொச்சத்துல முடிச்சிடுது. மிஷின தப்பு சொல்ல மாட்டேன், ஐப்பசி மழை வர்றதுக்குள்ள குறுவைய கரையேத்தணும், கொள்முதல் நிலையத்துல நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நிக்கிறாங்க, அன்னைக்கு ஆளுக்காக காத்திருக்க முடியாது. ஆனா காசு எங்க போகுதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பேச்சுக்கு 100 ரூபா கூலில 60 ரூபா ஊருக்குள்ளயே மளிகைக்கடை, டீக்கடை, டெய்லர்னு செலவாகுதுன்னு வச்சுக்குவோம், அந்த 60 வாங்குனவங்களும் அதுல 36 ரூபா ஊருக்குள்ள செலவு பண்றாங்க, இப்படியே போனா மொத்தத்துல 250 ரூபா வருமானம் ஊருக்குள்ள நடமாடும். அதே 100 சேலம் ஆத்தூர் பக்கத்துலருந்து வந்த மிஷினுக்கு வாடகையா போனா பெரும்பகுதி டீசலுக்கும் வண்டி தவணைக்கும் வெளிய போயிடுது. ஒரு விவசாயிக்கு அது மிச்சம்தான், ஒட்டுமொத்த ஊரும் ஒரே வருஷத்துல அதையே செஞ்சா கடைத்தெரு படுத்துடும். எல்லா முதலாளியும் சேர்ந்து கூலிய வெட்டுனா சரக்க வாங்க ஆள் இருக்காதுன்னு பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் 1936லயே எழுதுனது இதத்தான்.

அறுப்பு வேலை போன பொம்பளைங்கள தாங்கிப் புடிச்சது நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரில முதல் கட்டமா 200 மாவட்டத்துல ஆரம்பிச்சப்பவே எங்க பக்கத்து மாவட்டமான நாகப்பட்டினம் அதுல இருந்துச்சு. அதனாலதான் வயலுக்கு ஆள் வரலன்னு அப்பாவே திட்டுவார். நான் அத முழுசா ஒத்துக்க மாட்டேன். ஊர்ல வேலை குடுக்குறவங்க ரெண்டு மூணு பேர்தான்னா அவங்க சொல்றதுதான் கூலி, பக்கத்துல இன்னொரு வேலை இருந்தாத்தான் பேரம் பேச முடியும். 1992ல அமெரிக்காவுல நியூஜெர்சில குறைந்தபட்ச கூலி 4.25 டாலர்லருந்து 5.05 ஆனப்ப டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோட ஒப்பிட்டு ஃபாஸ்ட்ஃபுட் கடைங்கள ஆராய்ஞ்சாங்க, கூலி கூடுனதால வேலை கொறைஞ்சதா தெரியல. கார்டுக்கு 2021ல நோபல் கெடைச்சுது. எல்லா எடத்துக்கும் இது பொருந்தும்னு சொல்ல மாட்டேன், நம்ம விவசாயி பாடு வேற.

ஏன்னா ஃபாஸ்ட்ஃபுட் கடைக்காரர் கூலி ஏறுனா பர்கர் விலைய கொஞ்சம் ஏத்திக்குவார், எங்கப்பா நெல்லு விலைய ஏத்த முடியாது. 2025-26க்கு மத்திய அரசு போட்ட செலவு கணக்கு குவிண்டாலுக்கு 1,579 ரூபா, அதோட பாதிய சேத்து சாதா ரகத்துக்கு ஆதார விலை 2,369. அந்த 1,579 நாடு முழுக்க எடுத்த சராசரி, கூலி அதிகமா இருக்குற நம்ம மாதிரி ஊருக்கு அது பத்தாது, சொந்த நெலத்துக்கான வாடகையும் அதுல கெடையாது. செலவோட பாதிய சேத்து விலை குடுங்கன்னு சொன்னது கும்பகோணத்துல பொறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில இருந்த ஆணையம்தான், அந்தச் செலவுல நெல வாடகையும் சேரணும்ங்குறது விவசாயிங்க கோரிக்கை. கூலிக்காரரும் சின்ன விவசாயியும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிறதுக்கு முன்னாடி இந்த எடத்தப் பாக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப நாலஞ்சு வருஷமா மேற்கு வங்கத்துலருந்தும் பீகார்லருந்தும் ஆம்பளைங்க செட்டா வந்து ஏக்கர் கணக்குல பேசி நடுறாங்க. சம்பாதிக்கிறத ஊருக்கு அனுப்புறாங்க, கூத்தாநல்லூர் முத்துப்பேட்டை வீடுங்க வளைகுடா காசுல எழும்புன மாதிரி அங்க ஏதோ ஒரு ஊர்ல ஒரு வீடு எழும்பும். போன சம்பாவுல அம்மா செட்டுக்கு ரெண்டு நாள் ஆகும்னதால நாங்களும் அவங்கள வச்சுதான் நட்டோம், செலவு கொஞ்சம் கொறைஞ்சுது, அப்பா நோட்டுல எழுதுனார். பக்கத்து வயல்காரங்களும் அவங்களையே கூப்பிட்டாங்க. அதுக்கு முந்தின சம்பாவுல அம்மாவுக்கு பதினெட்டு நாள் நடவு, போன சம்பாவுல ஏழு நாள்.