ஷாட்கன் வாங்கும் முன் காதையும் நினையுங்கள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செப்டம்பர் கடைசியில், ஷாட்கன் எனும் சிதறுகுண்டுத் துப்பாக்கியோடு போகும் வாத்து வேட்டைக்காலம் தொடங்கும். அது முடிந்து பனி கொட்டும் நாட்களில், ஆடியாலஜிஸ்டான (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான) என்னிடம் ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். ஐம்பது, அறுபது வயது ஆண்கள். பெரும்பாலும் மனைவிதான் கூட்டிக்கொண்டு வருவார். "கூப்பிட்டா திரும்புறார், ஆனா சொன்னது புரியலைங்கிறார்" என்பதுதான் புகாராக இருக்கும்.

பரிசோதித்தால், 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியின் பக்கத்தில் கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம் பள்ளமாக இறங்கியிருக்கும். அதுவும் இடது காதில் கூடுதல் ஆழமாக. வலது தோளில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுபவருக்கு இடது காதுதான் குழல் வாய்க்கு நேராக இருக்கும். வலது காது தலையின் மறைவில் கொஞ்சம் தப்பிக்கும்.

"காட்டில் கிரவுஸ் பறவை சிறகடிக்கிறது எனக்கு இன்னும் நல்லா கேக்குது, என் காதுக்கு ஒண்ணுமில்லை" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆண் ரஃப்டு கிரவுஸ் விழுந்த மரத்தின் மேல் நின்று சிறகால் காற்றை அடிக்கும் ஓசை சுமார் 40 ஹெர்ட்ஸ்தான், மிகத் தாழ்ந்த ஒலி. துப்பாக்கி முதலில் பறித்துக்கொள்வது உயர்ந்த ஒலிகளை. பேச்சில் ஸ, ஷ, ஃப போன்ற எழுத்துகள் கரைந்துபோகும். பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் போகும். கோல்டன்ஐ வாத்து பறக்கையில் சிறகிலிருந்து வரும் விசிலும் போகும். கிரவுஸ் மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கும்.

சில வாரங்களுக்கு முன் இங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். ஆபீஸ் நண்பர்களோடு வாத்து வேட்டைக்குப் போகிறானாம், உரிமம், பயிற்சி எல்லாம் முடித்துவிட்டான். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு இடமில்லை, உரிமத்தோடு வேட்டை நடக்கும் ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.) "அக்கா, செமி ஆட்டோமேட்டிக் வாங்கலாம்னு இருக்கேன், உதை ரொம்பக் குறைவாம்" என்றான்.

சுட்டதும் துப்பாக்கி தோளில் பின்னால் இடிக்கும் அந்த உதையைப் பற்றி அவன் சொன்னது சரிதான். என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளில், வெடித்த வாயுவின் ஒரு பங்கு குழலிலுள்ள சிறு துளை வழியே வந்து பிஸ்டனைத் தள்ளும். காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது தானாகவே ஏறும். அந்த வேலை நடக்கும் நேரத்தில் உதையும் பரவி, தோளுக்கு மெத்தென்று வந்து சேரும். பெனெல்லி போன்றவை உதையின் வேகத்தையே ஒரு ஸ்பிரிங்கில் வாங்கி இயங்குகின்றன. எடை குறைவு, கரி சேர்வதும் குறைவு, ஆனால் தோளில் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

இரண்டிலுமே சத்தம் அப்படியேதான் இருக்கிறது. பன்னிரண்டு கேஜ் (குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது) ஷாட்கன்னின் ஒரு வெடி சுமார் 150 முதல் 165 டெசிபெல் வரை. திடீர் ஓசைக்கு 140-ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. பழைய துப்பாக்கியில் காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும்போது, ஒரு சுற்றுக்கு 25 வெடி என்று இரண்டு சுற்று முடிவதற்குள் தோள் வலித்து "போதும்" என்று சொல்லிவிடும். மெத்தென்ற துப்பாக்கியில் நான்கு சுற்றுகூட அலுப்பில்லாமல் போகும். காதுக்கு அப்படி வலிக்கத் தெரியாது. உள்காதின் மயிரிழைச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதும் இல்லை.

தம்பியிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 24 அங்குலக் குழலைவிட 28 அங்குலம் நல்லது. வெடிக்கும் வாய் காதிலிருந்து தள்ளிப் போகிறது. குழலில் பக்கவாட்டுத் துளை போட்டவை வேண்டாம். அவை சத்தத்தைப் பக்கத்தில் இருப்பவர் மேல் திருப்பிவிடும். வாத்துக்காக ஒளிந்து காத்திருக்கும் மறைவிடத்தில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும்போது அது நண்பனின் காதுக்குத்தான் போகும். மூன்றரை அங்குலத் தோட்டா பெரும்பாலும் தேவைப்படாது, மூன்று அங்குலம் போதும். இருபது கேஜ் சிறியதுதானே என்று காதைத் திறந்து விடாதீர்கள், அதுவும் 140-ஐத் தாண்டும். மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பான் போடுவதும், வாத்துக்கு ஈயக் குண்டைத் தவிர்ப்பதும் அமெரிக்கச் சட்டம், அதைக் கடைக்காரரே சொல்வார். காதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

கடைக்குப் போகும்போது காதுக் கவசத்தையும் எடுத்துப் போங்கள். அதைப் போட்டுக்கொண்டே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். கவசம் துப்பாக்கிக் கட்டையில் இடித்தால் வேட்டையில் அதைக் கழற்றி எறிந்துவிடுவீர்கள். அப்படி இடிப்பவர்கள் காதுக்குள் செருகும் மின்னணு அடைப்பான் வாங்கலாம். அது மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும், வெடியை மட்டும் அடக்கும். "வாத்து வர்றது கேக்காதே" என்ற சாக்குக்கு அதில் இடமில்லை. துப்பாக்கிக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் கொடுப்பவருக்கு இது பெரிய செலவும் இல்லை.

சுட்ட அன்று காது அடைத்து ரீங்காரம் கேட்கிறதா? தூங்கி எழுந்தும் விடவில்லையென்றால் அடுத்த வார இறுதிவரை காத்திருக்காதீர்கள். அன்றே காது மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்தால் பலன் இருக்குமென்றால் அது தொடக்க நாட்களில்தான். ஜனவரியில் என்னிடம் வருபவர்கள் அந்த நாட்களைத் தாண்டித்தான் வருகிறார்கள்.